குழி தோண்டாமல் தோட்ட ஷெட்டை நிறுத்துவது எப்படி: சென்னைக்கான முழு வழிகாட்டி

மண்வெட்டி, கடப்பாரை, உரமூட்டை, காலித் தொட்டிகள், பழைய மோட்டார் என்று தோட்டம் வைத்திருப்பவர்களிடம் சாமான் சேர்ந்துகொண்டே போகும். அவற்றுக்கு எட்டடிக்கு ஆறடியில் ஒரு சின்ன ஷெட் போதும். அதற்குப் போய் அஸ்திவாரம் தோண்டிக் கம்பி கட்டிக் காங்கிரீட் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சரியாகச் செய்தால் தரைமேல் வைத்த கல்லே போதும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மரத்தூண்களை மண்ணில் நடாமல் கல்பாதத்தின் மேல் நிறுத்தியதும் ஈரமும் கரையானும் மரத்தில் ஏறக்கூடாது என்ற கணக்கில்தான்.

தோண்டாமல் இருப்பதற்கு நல்ல காரணங்களும் உண்டு. வேம்பு, மாமரத்தின் வேரை வெட்ட வேண்டியதில்லை. தரைக்கடியில் போகும் மின்கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் அடிபடும் ஆபத்து குறைவு, நங்கூரம் இறக்கும் மூலைகளில் மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வீடானால் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். பனி உறையும் நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து கட்டிடத்தைத் தூக்கிவிடும் என்பதால் ஆழமாகத் தோண்டுகிறார்கள். அந்தத் தொல்லை இங்கே இல்லை. நம் தொல்லைகள் வேறு: ஊறி உப்பி, காய்ந்து வெடிக்கும் களிமண், டிசம்பர் வெள்ளம், புயல் காற்று, கரையான், பெருச்சாளி.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வழிமுறைகள் பெரும்பாலும் பாரத்தை எப்படித் தாங்குவது என்பதையே பேசுகின்றன. சென்னையில் பாரத்தைத் தாங்குவது சுலபம். ஷெட்டைக் கீழே பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை. அதனால் நங்கூரம் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எந்த அளவு வரை இது சரிப்படும்?

எட்டடிக்குப் பத்தடி வரை, இரும்புச் சட்டமும் ஷீட் சுவரும் கொண்ட இலகுவான ஷெட் என்றால் தாராளமாகச் செய்யலாம். செங்கல் சுவர் எழுப்பப் போகிறீர்கள், உள்ளே பைக் நிறுத்தப் போகிறீர்கள், ஆள் தங்கப் போகிறார் என்றால் இந்த முறை வேண்டாம், முறையான அஸ்திவாரம் போடுங்கள். கீழே எல்லாக் கணக்கையும் 8 அடிக்கு 6 அடி ஷெட்டுக்குச் சொல்கிறேன். அந்த அளவில் ஒரு வசதியும் உண்டு, மட்டம் பார்க்கும் இடத்தில் சொல்கிறேன்.

வீட்டைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடம் கட்டிட விதிகளின்படி திறந்து கிடக்க வேண்டிய இடமாக இருக்கலாம். நீங்கள் வைப்பது கழற்றக்கூடியதுதான் என்றாலும், மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இடம் தேர்வு

மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதை அதைவிட நன்றாகக் காட்டக்கூடிய வழி இல்லை. மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பழைய குடியிருப்பவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த அளவைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்ப் மூடி, செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகியவற்றின் மேல் வைக்காதீர்கள். சுத்தம் செய்ய ஆள் வரும் நாளில் ஷெட்டை நகர்த்த முடியாது. செப்டிக் டேங்கின் பழைய மூடி பாரத்தில் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தென்னைமரத்தின் நேர் கீழும் வேண்டாம். காம்பவுண்டு சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து பார்க்க முடிந்தால்தான் கரையானையும் துருவையும் கண்டுபிடிக்க முடியும்.

மண் என்ன மண்?

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி, சைதாப்பேட்டையின் சில பகுதிகளில் பாறை. ஆனால் பேட்டை பெயரை மட்டும் நம்பாதீர்கள். மனையை மேடாக்க வெளியிலிருந்து மண் கொட்டியிருப்பார்கள், கட்டிட இடிபாடுகூட உள்ளே கிடக்கும். ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உள்ளங்கையில் கயிறுபோல உருட்டிப் பாருங்கள். உடையாமல் நீளமாக உருண்டால் களி, உதிர்ந்தால் மணல்.

களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தரை உப்பும். கத்திரி வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதில் ஷெட்டின் ஓரத்தில் இருக்கும் கற்கள் நனைந்து காய்ந்து ஏறி இறங்கும், உள்பக்கத்து மண் கூரை மறைவில் அவ்வளவாக அசையாது. ஆக, ஒரு கல் உயர்ந்து இன்னொன்று தாழும். இதைத் தடுக்க முடியாது. வருஷத்துக்கு ஓரிரு முறை மட்டத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியோடு கட்டினால் போதும்.

கணக்கு

இரும்புச் சட்டம், ஷீட், தரைப் பலகை எல்லாம் சேர்த்துச் சுமார் 500 கிலோ, உள்ளே வைக்கும் சாமான் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500. எட்டடி நீளத்துக்கு இரண்டு உத்திரம், ஒவ்வொன்றின் கீழும் நான்கடிக்கு ஒன்றாக மூன்று தாங்கல், மொத்தம் ஆறு. நடுவில் இருக்கும் இரண்டு தாங்கல்தான் அதிகம் சுமக்கும், ஒன்றுக்கு 375 கிலோ வரும். 16 அங்குலச் சதுரக் கல்லின் கீழ் இது சதுர மீட்டருக்கு 2.3 டன். கீழே ஜல்லிப் படுகை போட்டால் பாரம் பரவி ஒரு டன் அளவுக்குக் குறையும். நனைந்த இளகிய களிமண்கூடச் சுமார் 5 டன் தாங்கும். கவலை இல்லை.

ஆறுக்குப் பதில் பன்னிரண்டு கல் வைத்தால் இன்னும் பலம் என்று சிலர் நினைப்பார்கள். களிமண்ணில் அது நேர்மாறாக முடியும். ஓரங்கள் இறங்கி நடுக்கல் மேலே நின்றால் ஷெட் அதன்மேல் ஆடும், கதவு மூடாது. தாங்கல் குறைவாக, அகலமாக இருப்பதே நல்லது.

தாங்கலுக்கு எந்தக் கல்?

சாலிட் பிளாக் எடுத்துக்கொள்ளுங்கள். 16 அங்குல நீளம், 8 அகலம், 8 உயரம் கொண்டது. ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஹாலோ பிளாக்தான் கிடைத்தது என்றால் துளைகள் மேலும் கீழும் பார்க்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் நொறுங்கும். செங்கல் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும், கடலோர உப்பில் பொரிந்து உதிரும். இடித்த வீட்டிலிருந்து கருங்கல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

மணல் தரையானால் கீழே இரண்டு பிளாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதுரமாக்கி, அதன்மேல் இரண்டைக் குறுக்காக வையுங்கள். 16 அங்குல உயரம் வரும். ஆறு தாங்கலுக்கு 24 பிளாக். களிமண் என்றால் என் பரிந்துரை வேறு: ஒரே அடுக்கு பிளாக், அதன்மேல் சென்ட்ரிங் வேலைக்குப் பயன்படும் திருகு ஜாக். சாரக்கட்டுச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். அடித்தகடும் பெரிய நட்டும் இருக்கும், நட்டைச் சுற்றினால் மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கலாம். திருகு நான்கு அங்குலத்துக்கு மேல் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பக்கவாட்டில் ஆடும். திருகில் கிரீஸ் தடவித் துணி சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் இறுகிவிடும்.

உயரம் 12 முதல் 18 அங்குலம் போதும். 12-க்குக் குறைந்தால் அடியில் குனிந்து பார்க்க முடியாது. 18-க்கு மேல் போனால் கல் அடுக்கு சரியும், குறுக்குக் கட்டு போட வேண்டிவரும். சாக்பீஸ் குறி இதைவிட உயரத்தில் இருக்கிறதா? ஷெட்டை மேலும் உயர்த்தப் பார்க்காதீர்கள். சாமானை உள்ளே அலமாரியில் உயரே வைத்துக்கொள்ளுங்கள்.

படுகை போடுவது

நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். 6, 8 என்று பக்கங்கள் இருந்தால் மூலைவிட்டம் சரியாக 10 அடி. நான் சொன்ன வசதி இதுதான். இரண்டு மூலைவிட்டமும் 10 அடி காட்டும்வரை முளையை நகர்த்தினால் மூலைமட்டமே தேவையில்லை.

ஷெட்டைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூடுதலாக, 10 அடிக்கு 8 அடி பரப்பில், புல்லையும் மேல்மண்ணையும் நான்கு அங்குலம் செதுக்கி எடுங்கள். அந்த மண் தோட்டத்துக்கு ஆகும். களிமண்ணானால் அதன்மேல் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள், ஜல்லி களியில் புதையாமல் இருக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் விரிக்க வேண்டாம், தண்ணீர் தேங்கிவிடும்.

இப்போது 20 மில்லிமீட்டர் ஜல்லியும் கிரஷர் பொடியும் கலந்து இரண்டிரண்டு அங்குலமாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடியுங்கள். கணக்குப்படி 27 கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் 33 கன அடி, அதாவது மூன்றில் ஒரு யூனிட் சொல்லுங்கள். திமிசு எகிறித் திரும்பி வரும்வரை இடிக்க வேண்டும். சோம்பல் படக்கூடாத இடம் இது. இங்கே விட்ட குறை, முதல் மழையில் கதவு உரசுவதில் தெரியும்.

பெருச்சாளிக்கு இங்கேயே வழி செய்துவிடுங்கள். சென்னைத் தோட்டத்தில் அது கல்லின் அடியில் வளை பறிக்கும், வளை இடிந்தால் தாங்கல் சாயும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ்ஷை ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி, படுகையின் ஓரத்தைச் சுற்றித் தரையோடு தரையாக விரித்து மேலே ஜல்லி போட்டு மூடுங்கள். பெருச்சாளி ஓரத்தில்தான் பறிக்க ஆரம்பிக்கும், வலை தட்டினால் விட்டுவிடும்.

மட்டம்

ஆறு தாங்கலையும் வைத்தபின் டியூப் லெவல் பிடியுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துத் தாங்கல்களை ஒப்பிடலாம். குழாயில் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. மிக உயரமாக நிற்கும் தாங்கலைக் கண்டுபிடித்து, மற்றவற்றை அதற்கு ஏற்றுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு இரும்புத் தகடு அல்லது கிரானைட் துண்டு செருகலாம். மரச்சீவல் ஊறி நசுங்கும், வேண்டாம். உத்திரங்களை வைத்தபின் ரசமட்டத்தால் நீளவாக்கிலும் குறுக்காகவும் மறுபடி பாருங்கள்.

சட்டம்

உத்திரத்துக்கு 100-க்கு 50 மில்லிமீட்டர் இரும்பு பாக்ஸ் பைப், அதன் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக 50-க்கு 50 பைப். ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருந்தால் நல்லது. வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு கருகிப்போகும், அங்கே சிங்க் பெயின்ட் அடிக்க மறக்க வேண்டாம். பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடையுங்கள். மரம்தான் வேண்டும் என்பவர்கள் வேங்கை போடலாம். ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக் கீழ்நோக்கி மடக்கிய ஜி.ஐ. தகடு கட்டாயம். அது கரையானைக் கொல்லாது. கரையான் அதைச் சுற்றி வெளியே மண்கோடு கட்ட வேண்டிவரும், அது உங்கள் கண்ணில் படும்.

தரைக்கு 18 மில்லிமீட்டர் சிமென்ட் ஃபைபர் போர்டு என் தேர்வு. தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் மட்டும். எதைப் போட்டாலும் மூலைக்கு மூலை துளை விடுங்கள். வெள்ளம் தரைக்கு மேல் ஓரடி ஏறி உள்ளே வராமல் வெளியே நின்றால் 1,300 கிலோ விசையில் ஷெட்டை மேலே தள்ளும். தண்ணீரை உள்ளே விடுங்கள், அது வந்த வழியே வடிந்து போகும்.

நங்கூரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு விழுந்தன. அந்தக் காற்றில் உங்கள் ஷெட் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பாகத்தின் சூத்திரப்படி, நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று, சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ அழுத்தும். எட்டடி நீளம், ஏழடி உயரச் சுவரின் பரப்பு 5.2 சதுர மீட்டர். மொத்தத் தள்ளு விசை 285 கிலோ. அது தரையிலிருந்து ஏறக்குறைய நாலேமுக்கால் அடி உயரத்தில் செயல்படுகிறது. ஷெட்டைக் கவிழ்க்காமல் பிடிக்க அதன் எடை மட்டும் 450 கிலோ வேண்டும். காலி ஷெட் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும், இலகுவாகச் செய்திருந்தால் அதற்கும் கீழே. கூரையைக் காற்று மேலே உறிஞ்சுவதை இன்னும் சேர்க்கவில்லை. அதே தரநிலை சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதில் சுவரின் மீது வரும் விசை 800 கிலோ. சுற்றிலும் வீடுகள் இருந்தால் காற்று குறையும் என்பது உண்மைதான். மொட்டையான மனையிலும் கடலோரத்திலும் அந்தத் தயவு கிடைக்காது.

அதனால் ஒவ்வொரு மூலையும் 400 கிலோ இழுப்பைத் தாங்கும்படி செய்யுங்கள். குழி தோண்டாமலே முடியும். திருகு நங்கூரம் என்பது 20 அல்லது 25 மில்லிமீட்டர் கம்பியின் அடியில் ஆறங்குல வட்டத்தகட்டைச் சுருள்போல வெட்டி வளைத்துப் பற்றவைத்தது. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் செய்து தருவார்கள். மேல் வளையத்தில் கடப்பாரையைச் செருகி இருவர் சுற்றினால் நாலடி இறங்கும். வெறும் டி.எம்.டி. கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்குவது மலிவு, ஆனால் நனைந்த களியில் ஒரு கம்பிக்கு 150 கிலோ பிடிப்புக் கிடைத்தாலே பெரிது. மணலில் அதுவும் இல்லை.

பாறை தட்டினால் அது அதிர்ஷ்டம். ஓட்டை போட்டு ரசாயனப் பசையால் போல்ட்டை ஒட்டிவிட்டால் அதைவிட உறுதி கிடையாது.

நங்கூரத்தை உத்திரத்தோடு டர்ன்பக்கிள் (சுற்றினால் இரு முனையையும் உள்ளிழுத்து இறுக்கும் திருகு இணைப்பு) வைத்து இறுக்குங்கள். கல்லோடு கட்டினால் பயனில்லை, கல் இங்கேயே இருக்கும், ஷெட் போய்விடும். கூரை ஷீட் சட்டத்தோடும், சட்டம் உத்திரத்தோடும், உத்திரம் நங்கூரத்தோடும் போல்ட்டால் பிணைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி ஆணியால் மட்டும் நின்றால் அங்கேதான் பிய்யும். காம்பவுண்டு சுவரில் கட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சுவர் பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டியதல்ல, விழுந்தால் அண்டை வீட்டார் மேல் விழும்.

பிடிப்பைச் சோதிக்காமல் விடாதீர்கள். நல்ல மழைக்கு மறுநாள், கனமான ஒரு பைப்பை நங்கூர வளையத்தோடு சங்கிலியால் கட்டி, ஒரு முனையைக் கல்லில் ஊன்றி, மறுமுனையில் கார் ஜாக்கி வைத்து ஏற்றுங்கள். சங்கிலியின் நேரில் நிற்காதீர்கள். சங்கிலி விறைத்தபின் பைப் வளையும் அளவுக்கு இழுத்தும் நங்கூரம் ஏறாமல் நின்றால் நம்பலாம். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் ஏறினால் இன்னும் ஆழமாக இறக்குங்கள், அல்லது மூலைக்கு இரண்டாகப் போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கூடுதல் பலம் சேர்க்க எளிய வழி உண்டு. 200 லிட்டர் டிரம் நான்கைக் காலியாக ஷெட்டுக்குள் மூலைக்கு ஒன்றாக, உத்திரத்தின் நேர் மேலே வைத்திருங்கள். எச்சரிக்கை வந்ததும் ஹோஸ் வைத்து நிரப்புங்கள். 800 கிலோ ஏறும். நம் கணக்கு 1,000 கிலோ சாமானுக்குத்தான் என்பதால், அன்று ஷெட்டில் வேறு கனமான சாமான் குறைவாக இருப்பது நல்லது. தரைக்கு மேல் வெள்ளம் வந்தால் டிரம்மின் எடை தண்ணீரில் குறைந்துவிடும் என்பதால் நங்கூரத்துக்கு இது மாற்று ஆகாது. புயல் போனபின் அந்தத் தண்ணீர் செடிக்கு.

அடிப்பக்கமும் பராமரிப்பும்

ஷெட்டின் அடியில் எதையும் தள்ளி வைக்காதீர்கள், பாம்புக்கும் எலிக்கும் அதுதான் வீடாகும். சுற்றிலும் தகடு வைத்து அடைக்கவும் கூடாது, காற்றோட்டம் நின்றால் அடிப்பக்கம் துருப்பிடிக்கும். வலை போதும், ஒரு பக்கம் கழற்றும்படி இருக்கட்டும். கூரைக்கு நீர்த்தாரை வைத்து மழைத்தண்ணீரைச் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள். கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஒரே கோட்டில் விழுந்து படுகையை அரிக்கும். படிக்கு இரண்டு பிளாக் தனியாக வையுங்கள், ஷெட்டோடு இணைக்க வேண்டாம்.

செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், டர்ன்பக்கிளை இறுக்கி, போல்ட்டுகளைப் பார்த்து, தகட்டு ஓரங்களில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜனவரியில் மழை ஓய்ந்தபின் மட்டம் பாருங்கள், மே மாதம் களிமண் வெடித்தபின் இன்னொரு முறை. மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் நங்கூரத்தைத் தளர்த்தி, உத்திரத்தின் அடியில் கார் ஜாக்கி கொடுத்து, பக்கத்தில் ஒரு பிளாக்கைக் காவலாக நிறுத்தியபின் ஏற்றுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் ஷெட்டின் அடியில் கையை நீட்டாதீர்கள். மட்டம் வந்ததும் நங்கூரங்களை மறுபடி இறுக்குங்கள்.